நடுவில் ஒரு தேதி

நூறு கெல்வினுக்கு வந்துவிட்டது. மணி இரண்டு பத்து. ஒரு மணிக்கு நூற்றேழு கெல்வினில் கிளம்பிய சாம்பிள், நிமிஷத்துக்குப் பத்தில் ஒரு பங்கு என்று கணக்காக இறங்கிக்கொண்டிருந்தது. அதை அவசரப்படுத்த முடியாது. அவசரப்படுத்தினால் ஒரு முனை குளிர்ந்து மறுமுனை குளிராமல் எல்லாமே கோணலாகிவிடும். ஆகவே ஜெபசிங் மர ஸ்டூலில், கால்களைத் தரையில் பதித்து, முழங்கை மேஜையில் படாமல், தும்மல் வந்தாலும் அடக்கிக்கொள்கிற தயாரிப்போடு உட்கார்ந்திருந்தான். கல்யாண போட்டோவுக்குக்கூட அவன் இவ்வளவு ஒழுங்காக உட்கார்ந்தவன் இல்லை. வெளியே கல்லூரி மைதானத்தில் ஆகஸ்ட் வெயில் மண்ணை வறுத்துக்கொண்டிருந்தது. உள்ளே எஃகுப் பாத்திரத்துக்குள் மைனஸ் நூற்று எழுபத்து மூன்று டிகிரியில் ஒரு கறுப்புத் துண்டு, சுண்டுவிரல் நகத்தின் அளவு, அவ்வளவுதான் அவன் உலகம். திரையில் இரண்டு கோடுகள். ஒன்று, அந்தத் துண்டு மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்பது. மற்றது, சூட்டை எவ்வளவு கடத்துகிறது என்பது. போன் வெளியே செருப்பு அலமாரியின் மேல்தட்டில் கிடந்தது. அறைக்குள் போன் கூடாது. ஒரு அழைப்பு வந்தால் கோட்டில் ஒரு முள் எழும்பிவிடும். கதவில் அதைத் தடித்த எழுத்தில் எழுதி ஒட்டியவனே ஜெபசிங்தான். நாலு மணிக்கு லீதியாள் கூப்பிடுவாள். ஏப்ரல் இருபத்திரண்டு. ஜூலை பதினாலு. நடுவில் உள்ளது வரவில்லை.

காலையில் ஏழு மணிக்கு அவள் தூத்துக்குடியிலிருந்து கூப்பிட்டிருந்தாள். அண்ணன் வீட்டுக்குப் போய்ப் பதினோரு நாள் ஆகிறது. அவளாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. சாப்பிட்டீங்களா என்று கேட்கவில்லை. "மூணு தேதியும் சொல்லுங்க அத்தான்" என்றாள். எந்த மூணு என்று அவன் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டான். "நான் எழுதி வச்சதத்தான் அழிச்சிட்டீயள்லா. மனசுலயாவது கெடக்கான்னு பாக்கணும்" என்றாள். முதல் பிள்ளை கலைந்த நாள் சுலபம். ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை, ஏப்ரல் இருபத்திரண்டு, ஆறு வருஷம் முன்னால்; கோயிலில் கொடுத்த முட்டை ஒன்று தோல் உரிக்காமல் மேஜையில் இருந்தது. கடைசியும் சுலபம், போன மாதம்தானே. நடுவில் உள்ளதற்கு வந்தபோது தேதி வரவில்லை. நாலு வருஷம் முந்தைய மழைக்காலம் என்றான். அக்டோபர் என்றான். "அக்டோபர்ல முப்பத்தொரு நாள் இருக்கு" என்றாள் லீதியாள். பிறகு, பெயர்ப் பட்டியல் வாசிக்கிற குரலில், "மாறுதல் கேட்டு மனு எழுதிப் பையில வச்சிருக்கேன். தூத்துக்குடிக்கே போட்டுருங்கன்னு. சாயந்திரம் நாலு மணிக்குக் கூப்பிடுதேன். தேதி வந்திச்சுன்னா கிழிச்சிப் போட்டுட்டு நாளைக்கு பஸ் ஏறிருவேன். வரலன்னா குடுத்துருவேன்." அவள் சும்மா மிரட்டுகிற ரகம் இல்லை. மாநகராட்சியில் பிறப்பு இறப்புப் பிரிவில் பதினெட்டு வருஷம் உட்கார்ந்தவள். ஒரு தடவை எழுதினால் எழுதினதுதான்.

தொண்ணூற்றொன்பது புள்ளி மூன்று. அக்டோபர். அக்டோபர் என்பது சரிதானா? மழை பெய்தது. ஐப்பசி மழை நவம்பரிலும் பெய்யும். ஆட்டோவின் பக்கத்துத் துணி காற்றில் அடித்து முகத்தில் பட்டது, அது நினைவிருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலில் யாரோ கோணிச்சாக்கு விரித்திருந்தார்கள். இது என்ன தேதி சொல்லும்? இதுவே முப்பத்தெட்டாம் நம்பர் சாம்பிள் எத்தனை டிகிரியில் தடை இழந்தது என்று கேளுங்கள், தொண்ணூறு புள்ளி எட்டு இரண்டு என்று தூக்கத்திலும் சொல்வான். நாற்பத்தொன்று, தொண்ணூறு புள்ளி ஒன்பது ஐந்து. நாற்பத்துமூன்று, தொண்ணூற்றொன்று புள்ளி மூன்று ஏழு. அது ராஜா சாம்பிள், அதன் கோட்டை வைத்துத்தான் அவன் பெயர் நாலு பேருக்குத் தெரிந்தது. பதினாலு வருஷத்துச் சாம்பிள்கள் எல்லாம் வரிசையாக வந்து ஆஜர் சொல்கின்றன. பெற்ற பிள்ளை, பெறவில்லை, பெறப்போன பிள்ளை, அது போன நாள் வரமாட்டேன் என்கிறது. லீதியாளின் மஞ்சள் கோப்பில் ஆஸ்பத்திரிச் சீட்டெல்லாம் இருக்கும், கோப்பு அவள் பெட்டியோடு போய்விட்டது. அவள் அண்ணன் மனைவி, மதினி சுகிர்தாவுக்குத் தெரியும். சுகிர்தாவிடம் கேட்பதும் லீதியாளிடமே கேட்பதும் ஒன்றுதான். கேட்டு வாங்கிச் சொல்கிற தேதி என்ன தேதி.

திரையில் மின்தடைக் கோடு லேசாகத் தலை குனிய ஆரம்பித்திருந்தது. கண்ணுக்குத் தெரியாது, பழகினவனுக்குத் தெரியும். மேலேயிருந்து நேராக வருகிற கோட்டை ஸ்கேல் வைத்து நீட்டிப் பார்த்தால், நிஜக் கோடு அதற்கு ஒரு மயிரிழை கீழே போகும். அந்த மயிரிழைதான் அவன் பிழைப்பு. தொண்ணூற்றொன்றை ஒட்டித்தான் எலக்ட்ரான்கள் ஜோடி சேர்ந்து, தடையே இல்லாமல் ஓடும். ஆனால் அதற்கு முன்னாலேயே, இன்னும் சூடு மிச்சமிருக்கும்போதே, அங்கங்கே ஜோடிகள் சேர்ந்து பார்க்கும். ஒரு வினாடியைக் கோடித் துண்டாகக் கிழித்து, அதில் ஒரு துண்டை மறுபடி லட்சமாகக் கிழித்தால், அவ்வளவு நேரம். அதற்குள் பிரிந்துவிடும். நிலைக்காது. ஆனால் இருந்த அந்த நேரத்தில் மின்சாரத்தைக் கொஞ்சம் சுமந்து கொடுத்துவிட்டுத்தான் போகும். அதனால்தான் கோடு குனிகிறது. ரொம்பக் காலம் இதை மோசமான சாம்பிள் என்று தூக்கிப் போட்டவர்கள் உண்டு. ஜெபசிங்கே முதல் வருஷம் ஆறு சாம்பிளைத் தூக்கிப் போட்டிருக்கிறான். ஏற்ற இறக்கம், ஃப்ளக்சுவேஷன் என்று அதற்குப் பெயர்.

இதையெல்லாம் லீதியாளுக்குச் சொன்னவன் அவன்தான், அதுதான் கஷ்டம். கல்யாணமான புதிதில் ஒரு அறிவியல் மாத இதழுக்குத் தமிழில் கட்டுரை எழுதினான். பிழை பார்த்துக் கொடு என்று அவளிடம் நீட்டினான். சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தாள். ஆபீஸ் புத்தி, ஒற்றெழுத்துகூடத் தப்பாது. 'அற்பாயுசு ஜோடிகள்' என்று எழுதியிருந்தான், அழகாக வந்திருக்கிறது என்று அவனுக்கு உள்ளூரப் பெருமை. அவள் அங்கே பேனாவை நிறுத்தினாள். "அற்பம்னு ஏன் சொல்லுதீய? கொஞ்ச நேரம் இருந்துச்சு, அவ்வளவுதான? குறுகிய ஆயுசுன்னு போடுங்க" என்றாள். ஒன்றுதானே என்றான். "ஒண்ணு இல்ல" என்றாள். இன்னும் கேட்டாள். பிரிந்துபோனால் சேர்ந்ததற்கு என்ன அடையாளம்? தடை குறைந்ததே அடையாளம் என்றான். சூட்டையும் சுமக்குமா? சுமக்காது, ஜோடி சேர்ந்த எலக்ட்ரான் மின்சாரத்தைத்தான் கொண்டுபோகும், சூட்டைத் தொடாது, சூட்டுக் கோட்டில் இதுகளின் தடயத்தைத் தேடினால்கூடக் கிடைக்காது என்றான். "கரண்ட்டைக் கொண்டு போவும், சூட்டைக் கொண்டு போவாது. நல்ல ஜோடிதான்" என்று சிரித்தாள். அவனும் சிரித்தான். அப்போது வீட்டில் சிரிப்பதற்கு விலை கிடையாது. கட்டுரையில் குறுகிய ஆயுசு என்றுதான் வந்தது.

ஏழு வருஷமோ எட்டு வருஷமோ கழித்து, அந்த நடுவில் உள்ளது, அந்தத் தேதி வராதது, அது போய் ஒரு வாரம் இருக்கும், லீதியாள் சமையலறைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்துவிட்டது. அவன் பின்னால் போய் நின்றான். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சொல்லாமல் நின்றிருந்தால் போதும், தோளில் ஒரு கை வைத்திருந்தால் தாராளம். ஆனால் படித்தவன், சொல்லித்தானே ஆக வேண்டும். "லீதி, இதெல்லாம் ஒரு ஃப்ளக்சுவேஷன் மாதிரிதான். கணக்குல எடுத்துக்கக் கூடாது" என்றான். சொல்லும்போது ஆறுதலாகத்தான் இருந்தது, அவனுக்கு. அவள் திரும்பினாள். அழவில்லை. "கணக்குல எடுக்கக் கூடாததுக்கா நீங்க பத்து வருஷமா ராப்பகலா லேப்ல கெடக்கீய?" என்று கேட்டாள். அவன் வழிந்த பாலைத் துடைக்கத் துணி தேடினான். இந்த ஊரில் ஆயிரம் புருஷன்மார் ஆயிரம் முட்டாள்தனமாக ஆறுதல் சொல்லியிருப்பார்கள். அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்கக் கூடியவன் அவன் ஒருவன்தான்.

தொண்ணூற்றைந்து புள்ளி ஒன்று. மூன்று மணி ஆகப்போகிறது. அக்டோபர் ஒன்று, இரண்டு காந்தி ஜெயந்தி, அன்றைக்கு இல்லை, ஆபீஸிலிருந்துதானே அவளைக் கொண்டுபோனார்கள், ஆகவே லீவு நாள் இல்லை, ஆகவே சனி ஞாயிறு இல்லை. இருபத்தோரு நாள் மிச்சம். ஆயுதபூஜை போனால் இருபது. இதுவும் ஒரு கணக்கு என்று உட்கார்ந்து கழித்துக்கொண்டிருக்கிறான் பாருங்கள். அவள் ஆபீஸில் அதற்கென்று ஏடு கிடையாது. பிறந்தால் ஒரு ஏடு, செத்தால் ஒரு ஏடு. இத்தனை வாரம் நிறையாமல் போனது பிறக்கவும் இல்லை, சாகவும் இல்லை. ஊரார் பிள்ளையெல்லாம் அவள் கையால்தான் ஏடேறியது, அவளுடைய மூன்றுக்கு வரி இல்லை. அதனால்தான் வேதப்புத்தகத்தில் எழுதினாள். ஜெபசிங்கின் அப்பா வீட்டிலிருந்து வந்த பெரிய வேதப்புத்தகம், பழைய ஏற்பாட்டுக்கும் புதிய ஏற்பாட்டுக்கும் நடுவில் வெற்றுத்தாள், அதில் மூன்று தலைமுறையாகக் குடும்பத்தில் பிறந்தவர்கள் பெயர். ஜெபசிங்கின் பெயரும் அவன் அப்பா கையெழுத்தில் இருக்கிறது. அதன் கீழே நீல மையில் மூன்று வரி. பெயர் இல்லை. 'ஒரு பிள்ளை' என்று எழுதி, பக்கத்தில் தேதி. மறுபடி 'ஒரு பிள்ளை', தேதி. மூன்றாவதை எழுதிய அன்று மை கொஞ்சம் கலங்கியிருந்தது.

அவன் அதை ஒயிட்னர் பூசி அழித்தான். அவசரத்தில் பூசவும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை காலையில், அவள் குளித்துக்கொண்டிருக்கும்போது, நிதானமாக, விளிம்பு பிசகாமல் மூன்று பட்டை. மூத்த அக்கா வருகிறாள், குடும்ப ஜெபத்தில் புத்தகத்தைத் திறப்பாள், பார்த்தால் என்ன நினைப்பாள் என்று லீதியாளிடம் காரணம் சொன்னான். அது பொய். அக்காவுக்குக் கண்ணாடி போட்டாலும் பொடி எழுத்து தெரியாது. அவனுக்குப் பார்க்க முடியவில்லை. அதுதான் நிஜம். ஒவ்வொரு நாளும் புத்தகத்தைத் திறக்கும்போது அந்தப் பக்கம்தான் தானாக விரிந்தது, அந்த மூன்று வரி அவனைப் பார்த்தது, தன் பெயருக்குக் கீழே தன்னைத் தொட்டுக்கொண்டு மூன்று பேர் நிற்கிறார்கள் என்று பட்டது. எனக்கும் தாங்கவில்லை லீதி என்று சொல்ல வேண்டியவன் அக்காவைச் சொன்னான். அவள் தலையில் துண்டோடு வந்து பார்த்தாள். ஈரம் காயாத வெள்ளையை ஒரு விரலால் தொட்டாள். அன்று சாயந்திரமே பஸ் ஏறினாள். இன்று காலை போன் வைத்தபிறகு, சாம்பிளில் வெள்ளிப் பசை சுரண்டுகிற பிளேடை எடுத்து அந்தப் பட்டைகளைச் சுரண்டினான். முதல் பட்டையில் 'பிள்ளை' பாதி தெரிந்தது. நடுப் பட்டையில் தாள் கிழிந்து, ஓட்டை வழியாக அடுத்த பக்கத்து மத்தேயு சுவிசேஷத்தின் வம்ச வரலாறு தெரிந்தது.

வெள்ளிப் பசை.

ஸ்டூலில் உட்கார்ந்தபடியே அவன் தன் வலது ஆட்காட்டி விரலைப் பார்த்தான். இன்றைக்கும் நகக்கண்ணில் கொஞ்சம் மினுக்கம். சாம்பிளில் கம்பி ஒட்டுகிற பசை, நாலு நாளானாலும் போகாது. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடச் சொன்ன காகிதத்தில் அவன் விரல் பட்ட இடமெல்லாம் வெள்ளி வெள்ளியாக ஒட்டியது. நர்ஸ் பிள்ளை, "என்ன சார், பெயின்ட் வேலையா?" என்று கேட்டது. இல்லம்மா, சில்வர் பேஸ்ட் என்றான். அந்த நிலைமையிலும் விளக்கம். ஆகவே அன்று காலை சாம்பிளுக்குக் கம்பி ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறான். லீதியாளின் ஆபீஸிலிருந்து ஒருத்தர் ஆட்டோவில் வந்து கதவைத் தட்டினார், போன்தான் வெளியே கிடந்ததே, ஏழு தடவை அடித்து ஓய்ந்திருந்தது. கம்பி ஒட்டினால் லாக் புக்கில் எழுதுவான். எந்தச் சாம்பிள், எத்தனை மணிக்கு, தேதி. கட்டாயம் எழுதுவான், அவன் எழுதாமல் விட்டதாகச் சரித்திரம் இல்லை. பழைய லாக் புக் எல்லாம் அந்த மூலையில், சாம்பல் நிற இரும்பு பீரோவில், இரண்டாவது தட்டில், முதுகில் வருஷம் எழுதி வரிசையாக நிற்கிறது. தேதி எட்டு அடி தூரத்தில் இருக்கிறது. ஜெபசிங்குக்குக் கண் நிறைந்துவிட்டது.

எழுந்திருக்கப் போனான். அப்போது திரையைப் பார்த்தான். தொண்ணூற்றிரண்டு புள்ளி ஆறு. மணி மூன்று இருபத்துநாலு. அந்த பீரோ கதவு சும்மா திறக்காது. கீழ்முனை தரையில் இழுபட்டு, கட்டடமே முனகுகிற மாதிரி சத்தம் போட்டுத்தான் திறக்கும். தரை அதிர்ந்தால் மேஜை அதிரும், மேஜை அதிர்ந்தால் கோட்டில் முள் எழும்பும். அதுவும் எங்கே? கோடு நன்றாகக் குனிந்து விழப்போகிற இடத்தில், குறுகிய ஆயுசு ஜோடிகள் நெருக்கியடித்துச் சேர்ந்து சேர்ந்து பிரிகிற அந்த ஒன்றரை டிகிரியில், எதற்காக வாரம் முழுதும், குளிரவைக்கிற திரவ நைட்ரஜன் வண்டிக்குக் காத்திருந்தானோ அந்த இடத்தில். இன்னும் பதினாறு நிமிஷம். மூன்று நாற்பதுக்குத் தொண்ணூற்றொன்று வந்துவிடும், தடை பூஜ்யம் ஆகிவிடும். பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் அதிரட்டும். நாலு மணிக்குத்தானே கூப்பிடுவாள். இருபது நிமிஷம் மிச்சம் இருக்கும். தேதி எங்கே ஓடிவிடப் போகிறது.

உட்கார்ந்தான். ஆமாம், உட்கார்ந்தான். பதினாறு நிமிஷம் மூச்சை அளந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். போ, போய்த் திற என்று உள்ளே ஒன்று கத்தியது. இரு, கெட்டுவிடும் என்று இன்னொன்று சொன்னது, இரண்டாவதற்குத்தான் எப்போதும் குரல் மென்மை. கோடு குனிந்தது, இன்னும் குனிந்தது, அழகாக இருந்தது. லீதி, பார், சேர்ந்து பிரிகிற ஒவ்வொன்றும் இங்கே தெரிகிறது, ஒன்றுகூட வீணாகவில்லை, இதை அன்றைக்கே சமையலறையில் சொல்லியிருக்கலாம், கணக்கில் எடுக்கக் கூடாது என்று சொன்ன அதே வாயால் கணக்கே இதுதான் என்று சொல்லியிருக்கலாம். மூன்று தடவை நீ வயிற்றில் கை வைத்துக்கொண்டு வெந்நீர் போட நடந்தாய். மூன்று தடவை நான் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தேன், வழக்கமாக வராதவன். அந்த வாரங்களில் வீடு வேறு வீடாக இருந்தது. அது இருந்ததுதானே. அளக்கக் கருவி இல்லாவிட்டால் இல்லையென்று ஆகிவிடுமா? பக்கத்துச் சூட்டுக் கோடு எதுவுமே நடக்காததுபோலத் தன்பாட்டுக்கு நேராகப் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்க்க அவனுக்குப் பிடிக்கவில்லை. மூன்று முப்பத்தொன்பதுக்கு மின்தடைக் கோடு தரையில் போய்ப் படுத்தது.

பீரோ கதவைத் திறந்தான். முனகியது. நாலு வருஷம் முந்தைய லாக் புக்கை உருவி, நின்றபடியே தாள்களைப் புரட்டினான். செப்டம்பர். அக்டோபர் ஏழு, பதினாலு, இருபத்தொன்று, எல்லாம் வியாழக்கிழமை, நைட்ரஜன் வருகிற நாள். இருபத்தெட்டு. சாம்பிள் நாற்பத்துமூன்று. காலை பத்துக்குக் கம்பி ஒட்டியது. பத்து நாற்பது என்று எழுதி, வாக்கியம் பாதியில் நின்றிருந்தது. தாளின் ஓரத்தில் வெள்ளி விரல் ரேகை. இதுதான். வந்துவிட்டது. அக்டோபர் இருபத்தெட்டு, வியாழக்கிழமை. அக்டோபர் இருபத்தெட்டு என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தான்.

பிறகு கண் கீழே போனது. பாதியில் நின்ற வாக்கியத்துக்குக் கீழே அதே பக்கத்தில், அதே தேதியில், அவன் கையெழுத்து தொடர்ந்தது. தொடக்கம் இரண்டு இருபத்தைந்து. முடிவு ஆறு நாற்பது. நடுவில் பத்து நிமிஷத்துக்கு ஒரு வரியாக எண்கள், ஒன்றுகூட விடாமல். கடைசியில் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு: குறுக்கீடு எதுவும் இல்லை, மிக நல்ல ரன். மிக என்பதன் கீழே இரண்டு கோடு. ஜெபசிங் அதைத் திரும்பப் படித்தான். அப்போதுதான் ஒவ்வொன்றாக வந்தது. ஒரு மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்று டாக்டரம்மா வெளியே வந்து சொன்னது. லீதியாள் மயக்கத்தில் இருந்தது. சுகிர்தா பிளாஸ்க்கோடு வந்து சேர்ந்தது. "மதினி, ஒரு அரை மணி நேரம், நைட்ரஜன் வீணாப் போயிரும், மூடிட்டு வந்துருதேன்" என்று சொல்லிவிட்டு மழையில் ஸ்கூட்டரை எடுத்தது. இங்கே வந்தபோது பசை காய்ந்திருந்தது. காய்ந்திருக்கிறதே, சும்மா ஒரு தடவை பார்க்கலாமே என்று தோன்றியது. அரை மணி நேரம்தான் அவன் நினைவில் இருந்தது, நாலேகால் மணி நேரம் தாளில் இருந்தது. நாற்பத்துமூன்று, ராஜா சாம்பிள். தொண்ணூற்றொன்று புள்ளி மூன்று ஏழு. ஊருக்கெல்லாம் காட்டின கோடு.

போன் அடித்தது. நாலு. அவன் லாக் புக்கோடேயே வெளியே போனான்.

"சொல்லுங்க அத்தான்."

"ஏப்ரல் இருபத்திரண்டு" என்றான். "அக்டோபர் இருபத்தெட்டு, வியாழக்கிழமை. ஜூலை பதினாலு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "கிழமைகூட வச்சிருக்கீயளே" என்றாள் லீதியாள். அழுதுகொண்டே சிரிக்கிற குரல், எத்தனையோ காலமாகக் கேட்காதது. "வராதுன்னே நெனச்சிட்டேன் அத்தான். இந்த மனுஷனுக்கு ஒண்ணுமே இல்ல போலன்னு மதினிட்டகூடச் சொல்லி அழுதேன். நாளைக்கு ஏழரை பஸ்ஸுல வாரேன். மனுவ இப்பவே கிழிக்கேன், கேக்குதா?" கேட்டது. காகிதம் கிழிகிற சத்தம் சன்னமாகக் கேட்டது. அவன் சுவரில் சாய்ந்துகொண்டான். "நீங்க அழிச்சதுகூட எனக்கு ஆறிரும்" என்றாள். "அன்னைக்கு நான் கண்ணு முழிச்சப்ப நீங்க இல்ல. எங்கன்னு கேட்டேன். மதினிதான் சொன்னாவ, ஒனக்கு ரத்தம் தேடி மழையில அலையுதாவன்னு. ராத்திரி ஆவப்போற நேரம் ஈரச் சட்டையோட வந்து நின்னீய. வாயால பேசத் தெரியாது, இப்படித்தான் காட்டுதாவன்னு நெனச்சுக்கிட்டேன். அந்த ஈரச் சட்டையை வச்சுத்தான் அத்தான் இத்தனை நாளும் ஓட்டுனேன்."

ரத்தம் கொண்டுவந்தது அவள் அண்ணன். துறைமுகத்தில் கூட வேலை பார்க்கிற இரண்டு பேரைக் கூட்டிவந்து கொடுக்க வைத்தார். சுகிர்தா ஒரு பொய் சொல்லி நாலு வருஷம் ஒரு வீட்டைத் தாங்கிப் பிடித்திருக்கிறாள், அவனுக்குத் தெரியாமலே. இப்போது அவன் ம் என்று ஒரு சத்தம் கொடுத்தால் போதும். அதுகூட வேண்டாம், சும்மா இருந்தால் போதும். நாளைக் காலை ஏழரை பஸ். வீட்டில் விளக்கு எரியும். லாக் புக்கைத் திரும்ப பீரோவில் வைத்துவிட்டால் அதை யார் எடுத்துப் பார்க்கப்போகிறார்கள். ஒரு பட்டை வெள்ளை, விளிம்பு பிசகாமல். ஜெபசிங் அந்தப் பக்கத்தைப் பார்த்தான். சும்மா இருக்கத்தான் ஆசைப்பட்டான், உயிரே போகிற மாதிரி ஆசைப்பட்டான். ஆனால் அவள் 'ஒரு பிள்ளை' என்று எழுதின இடத்தில் மறுபடி ஒரு தடவை பூச அவன் கை வரவில்லை.

"லீதி, நான் ரத்தத்துக்குப் போவல" என்றான். "இங்கதான் இருந்தேன். ரெண்டு இருபத்தஞ்சுல இருந்து ஆறு நாப்பது வரைக்கும். தேதி எனக்கு ஞாபகத்துல இருந்து வரல. லாக் புக்கப் பாத்துச் சொன்னேன். அதுல இருக்கு. எல்லாம் அதுல இருக்கு."

அவள் வைத்துவிட்டாளோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். நொடி ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி காதில் வைத்தபோது அவள் பேசினாள். கோபம் இல்லை. களைத்துப்போய், கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

"தேதிய மட்டும் சொல்லிட்டு வச்சிருந்தா நான் வந்திருப்பேன்லா அத்தான்."